ஊழியர்களின் பழைய சமூக ஊடகப் பதிவுகளைத் தோண்டித் தரும் சேவை: 14 மாத அனுபவம்

14 மாதங்கள் இந்தச் சேவையைப் பயன்படுத்திவிட்டு, போன மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்திவிட்டோம். வாங்கலாம் என்று நிர்வாகத்திடம் வாதாடியது நான். வேண்டாம் என்று கடைசியில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அதனால் இதையோ இது போன்ற வேறொன்றையோ வாங்க யோசித்துக்கொண்டிருக்கும் மனிதவளத் துறை நண்பர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப் போகும் குறைகளில் பாதி அந்தச் சேவையுடையது, மீதி நாங்கள் அதைக் கையாண்ட விதத்தில் வந்தது. பெயரைப் போட்டால் பழி முழுவதும் ஒரு பக்கமே போய்விடும்.

முதலில் எங்களைப் பற்றி. முதியவர்களையும் படுக்கையில் இருக்கும் நோயாளிகளையும் வீட்டுக்கே போய்க் கவனித்துக்கொள்ள ஆட்களை அனுப்புகிற நிறுவனம் எங்களுடையது. நர்ஸ்கள், உதவியாளர்கள், டிரைவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லாம் சேர்த்து 340 பேர். அடுத்தவர் வீட்டுக்குள், அதுவும் எழுந்து நடக்க முடியாத ஒருவர் படுத்திருக்கும் அறைக்குள் போகிற வேலை. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளரின் மகள் போன் செய்தார். எங்கள் உதவியாளர் ஒருவர் தன் சொந்தப் பக்கத்தில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதைப் பற்றி எரிச்சலோடு எழுதியிருந்ததை வரி விடாமல் வாசித்துக் காட்டினார். "இந்த ஆளை நம்பி எங்க அம்மாவை எப்படி விட்டுட்டுப் போறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த உதவியாளரை அன்றே வேறு பொறுப்புக்கு மாற்றினோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது நியாயமான கேள்வி என்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் பயத்தில்தான் இந்தச் சேவையின் விற்பனைப் பிரதிநிதியை டெமோ காட்ட அழைத்தேன்.

சேவை செய்வது இதுதான். ஊழியரின் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், கைபேசி எண், ஒரு புகைப்படம் ஆகியவற்றைக் கொடுத்தால், பொதுவில் திறந்திருக்கும் அவருடைய சமூக ஊடகக் கணக்குகளைத் தேடிப் பிடித்து, கடந்த 10 ஆண்டுகளில் அவர் போட்ட பதிவு, கருத்து, பகிர்வு, லைக் அத்தனையையும் அலசுகிறது. வெறுப்பு, வன்முறை, ஆபாசம், போதை, நிறுவனத்தை இழிவுபடுத்துதல் என்று தலைப்புகள். ஒவ்வொருவருக்கும் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண், அதற்கேற்ப பச்சை, மஞ்சள், சிவப்பு. அப்புறம் வாரா வாரம் மறுபடி அலசி, புதிதாக ஏதாவது மாட்டினால் எச்சரிக்கை அனுப்பும்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேகம் உண்மையிலேயே அசத்தல். ஓர் ஆளுக்கு 20 நிமிடத்தில் ரிப்போர்ட் வந்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, இணைப்பு, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பூட்டி வைத்த கணக்குகளுக்குள் அது நுழைவதில்லை, கடவுச்சொல் கேட்கச் சொல்வதும் இல்லை. எங்கள் நிறுவனத்தின் பெயர் எங்கே அடிபட்டாலும் சொல்லிவிடும் வசதி மிகவும் உதவியது. ஒரு குடும்பத்தினர் எங்களிடம் புகார் சொல்லிச் சலித்துப்போய்ப் பொதுவில் எழுதியிருந்ததை அப்படித்தான் பார்த்தோம், மறுநாளே வீட்டுக்குப் போய்ப் பேசிச் சரி செய்தோம். அந்த ஒரு வசதியை மட்டும் தனியாக விற்றால் இப்போதும் வாங்குவேன்.

சிக்கல் மதிப்பெண்ணில் தொடங்குகிறது. முதல் சுற்றில் 340 பேரில் 41 பேர் சிவப்பு. எனக்குப் பகீரென்றது. நிர்வாக இயக்குநர், எல்லோருடைய மதிப்பெண்ணையும் ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டைப் பார்த்துவிட்டு, "இத்தனை பேரையா இவ்வளவு நாளா வீட்டுக்குள்ள அனுப்பிட்டிருந்தோம்?" என்றார். அந்த 41 ரிப்போர்ட்டையும் நான் வீட்டுக்கு எடுத்துப் போய், இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அதில் வன்முறை என்று குறி போட்டிருந்தவற்றில் பெரும்பகுதி "கொன்னுட்டாங்க", "வெறித்தனம்", "சிரிச்சே செத்துட்டேன்", "மரண மாஸ்" வகையறா. நன்றாகப் பாடிய ஒரு குழந்தையைப் பாராட்டி "கொன்னுட்ட செல்லம்" என்று ஒரு நர்ஸ் எழுதியிருந்தது, கடுமையான அச்சுறுத்தல் என்ற தலைப்பின் கீழ், சிறுமியை நோக்கியது என்ற கூடுதல் குறிப்போடு இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்திருந்தால் இன்னும் மோசம். பாதி வார்த்தைகளை அது வேறு ஏதோ மொழியாக எடுத்துக்கொண்டிருந்தது.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பேச்சுவழக்கில் எழுதப்பட்ட ட்வீட்களை இப்படிப்பட்ட கருவிகள் மற்றவற்றைவிட 2 மடங்கு வரை அதிகமாகப் புண்படுத்தும் பதிவு என்று முத்திரை குத்துவதை 2019-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கருவி யாருடைய பேச்சைக் கேட்டுப் பழகியதோ அவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். வீட்டில் பேசுவது போலவே எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் 41 பேரில் அதிகம் படித்த, உயர் பதவியில் இருப்பவர்கள் மூன்றே பேர். மற்ற எல்லோரும் உதவியாளர்கள், டிரைவர்கள், இளநிலைப் பணியாளர்கள். அந்த எண்ணைப் பார்த்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

கணக்குப் பிரிவில் ஓர் இளம்பெண் இருக்கிறார். மிக நேர்த்தியான வேலைக்காரி. அவருக்கு 100-க்கு 82, அடர் சிவப்பு. 63 பக்க ரிப்போர்ட். அதில் 60 பக்கம் சினிமா ரசிகர் சண்டை. மீதியில் ஒரு பதிவு மட்டும் உண்மையிலேயே மோசம். மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்யும் ஒரு ஜோக், அதன் கீழே அவரே நாலைந்து சிரிப்புப் பொம்மைகள் போட்டிருந்தார். எழுதியபோது அவருக்கு வயது 17. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். நிர்வாகத்தில் ஒருவர், "இது வெளியே வந்தா நம்ம கதி என்ன? இப்பவே சீட்டைக் கிழிச்சிடுங்க" என்றார்.

அந்தப் பெண்ணை அழைத்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மேசையில் வைத்தேன். காகிதத்தைக் கையில் எடுக்கவில்லை, குனிந்து படித்தார். படித்து முடித்த பிறகும் நிமிரவில்லை. காது மடல் சிவந்துபோனது. "இது நான்தான் மேடம். ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்லலாம், ஆனா நான்தான் போட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ எங்க கிளாஸ்ல எல்லாரும் இப்படித்தான் போடுவோம்" என்று ஆரம்பித்தவர், அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அது காரணம் இல்ல மேடம்" என்றார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒன்பது வருடம் முன்பு ஒரு பள்ளி மாணவி எழுதியதற்காக, 26 வயதுப் பெண்ணின் சம்பளத்தில் கை வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் இன்றும் எங்களோடு இருக்கிறார்.

பழைய பதிவு விஷயத்தில் பெரிய நிறுவனங்களே தடுமாறியிருக்கின்றன. சினிமா இயக்குநர் ஜேம்ஸ் கன் பல வருடங்களுக்கு முன் போட்டிருந்த அருவருப்பான ஜோக்குகளை 2018 ஜூலையில் யாரோ தோண்டி எடுத்துப் பரப்ப, டிஸ்னி அவரை உடனே நீக்கியது. அடுத்த மார்ச்சில் அவரையே திரும்ப அழைத்துக்கொண்டது. அவருக்காகப் பேச நடிகர்கள் இருந்தார்கள், ரசிகர்கள் இருந்தார்கள். எங்கள் கணக்குப் பிரிவுப் பெண்ணைத் தூக்கியிருந்தால், எட்டு மாதம் கழித்து யோசித்துப் பார்த்து யார் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள்?

இனி, நான் இந்தச் சேவையை மன்னிக்க முடியாத இடம். ஆறாவது மாதத்தில் ஒரு டிரைவரின் பெயரில் அவசர எச்சரிக்கை வந்தது. ஒரு மதத்தினரைப் பற்றி மிகக் கேவலமான 11 பதிவுகள். அவர் நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர், அந்த மதத்தைச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் பெயர் சரி, பிறந்த வருடம் சரி, முகமும் ஒரு பக்கவாட்டில் அவரைப் போலவே இருந்தது. பொருத்தம் 94 சதவீதம் என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. அன்று மாலையே அவரை சஸ்பெண்ட் செய்து, விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தோம். கையெழுத்து என்னுடையது. என்ன பதிவு என்பதைக்கூடக் கடிதத்தில் எழுதவில்லை, "சமூக ஊடகத்தில் ஆட்சேபகரமான கருத்துகள்" என்று பொதுவாகப் போட்டிருந்தோம். ரிப்போர்ட்டை ஊழியரிடம் காட்டக்கூடாது என்று சேவையின் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது.

நாலு நாள் அவர் வீட்டில் இருந்தார். ஐந்தாம் நாள் விசாரணைக்கு வந்தார். 20 வருடமாக முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பொத்தான் போடுகிறவர். நான் அந்த விதியை ஓரமாக வைத்துவிட்டு ரிப்போர்ட்டைத் திருப்பி அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். மூன்றாவது படத்தில் விரலை வைத்தார். அந்த ஆள் ஒரு பைக் மேல் சாய்ந்து நிற்கிறான், இடது முன்கையில் முழங்கை வரை பச்சை குத்தியிருக்கிறது. டிரைவர் எழுந்து நின்று, பொத்தானைக் கழற்றி, இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். அப்புறம் வலது கையையும் சுருட்டினார். இரண்டையும் என் முன்னால் நீட்டி, "ரெண்டு கையையும் பார்த்துக்கோங்க மேடம்" என்றார். வெயில் படாத தோல், ஒரு தடுப்பூசித் தழும்பு, அவ்வளவுதான். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. "என் பொண்ணு கேட்டா மேடம், நீ என்னப்பா எழுதினேன்னு. என்னன்னே தெரியாம என்ன சொல்றது?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். நாலு நாள் சம்பளத்தைக் கொடுத்தோம், சஸ்பெண்ட் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்து அவர் கண் முன்னாலேயே கிழித்தோம். சேவைக்கு எழுதினேன். இரண்டு வரிப் பதில் வந்தது: 94 சதவீதம் என்பது நிகழ்தகவு மட்டுமே, இறுதி முடிவு வாடிக்கையாளரின் பொறுப்பு. டெமோவில் "நீங்க எதையும் சரிபார்க்கவே வேண்டாம்" என்று சொன்னது அவர்களுடைய ஆள்தான். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பின்னணி அறிக்கைகளுக்கு 1970-ல் வந்த ஒரு சட்டம் பொருந்துகிறது. அறிக்கையை வைத்து வேலையில் கை வைப்பதற்கு முன்பே அதன் நகலை அந்த ஆளிடம் கொடுக்க வேண்டும், தவறு இருந்தால் அவர் மறுத்துச் சொல்ல வழி இருக்க வேண்டும். சேவையின் ஒப்பந்தமோ நேர் எதிராகச் சொன்னது. அந்த ஒரு விதிக்காகவே இதற்கு நான் 5-க்கு 1 தான் போடுவேன்.

பதிவே போடாமலும் மாட்டலாம் என்பதற்கு ஒரு சம்பவம். 2020 ஜூனில் கலிஃபோர்னியாவில் ஒரு மின்சார நிறுவன ஊழியர், வண்டி ஓட்டும்போது கையை வெளியே தொங்கவிட்டு விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். அது வெள்ளை இனவெறிக்காரர்களின் கைச் சைகை என்று நினைத்து ஒருவர் படம் பிடித்துப் போட்டார். ஊழியரின் வேலை போனது. படம் பிடித்தவரே பிறகு, தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்றார். அதைப் படித்த அன்று எனக்கு எங்கள் டிரைவரின் கைகள்தான் நினைவுக்கு வந்தன.

லைக்குகளையும் இந்தச் சேவை மதிப்பெண்ணில் சேர்க்கிறது. துருக்கியில் கல்வி அமைச்சகத்தில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக இருந்த ஒரு பெண், ஃபேஸ்புக்கில் சில பதிவுகளுக்கு லைக் போட்டார் என்று வேலையை இழந்தார். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2021-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. லைக் என்பது பகிர்வதற்குச் சமமான செயல் ஆகாது என்பதும், அவர் வகித்த பதவிக்கு அவ்வளவு வீச்சு கிடையாது என்பதும் நீதிபதிகள் பார்த்த விஷயங்கள். பதவியைப் பார்க்க வேண்டும் என்ற அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் டேஷ்போர்டில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. தோட்ட வேலை செய்பவரும் 60 உதவியாளர்களுக்கு ஷிப்ட் போடும் மேற்பார்வையாளரும் அதற்கு ஒன்றுதான்.

அந்த மேற்பார்வையாளர் விஷயத்துக்கு வருகிறேன். 14 மாதத்தில் ஒரே ஒருவரைத்தான் சொந்தப் பதிவுக்காக வேலையிலிருந்து நீக்கினோம். அவருடைய மதிப்பெண் 9. அடர் பச்சை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, படித்தவர், அழகாக எழுதுவார். தன் பக்கத்தில் மாதம் ஒரு கட்டுரை மாதிரி எழுதிக்கொண்டிருந்தார். குறிப்பிட்ட சில சாதிகளைச் சேர்ந்தவர்களுக்குச் சுத்தம் என்பது "வளர்ப்பிலேயே வராது" என்றும், நோயாளியின் அறைக்குள் யார் போகலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதற்குப் பெரியவர்கள் சும்மா விதி வைக்கவில்லை என்றும் பொறுமையாக, மரியாதையான தமிழில் விளக்கியிருந்தார். கருவிக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. ஓர் உதவியாளர்தான் தன் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "மேடம், எனக்கு ஏன் ஆறு மாசமா குளியலறை, கழிவு எடுக்குற டியூட்டி மட்டும் வருதுன்னு இப்பத்தான் புரியுது" என்றார்.

ஷிப்ட் பட்டியல்களை எடுத்துப் பார்த்தோம். ஆறு மாதப் பட்டியல், கையால் எண்ணினோம். அந்த உதவியாளர் சொன்னது சரி. அவர் மட்டுமல்ல, அவரைப் போல ஏழு பேர். மேற்பார்வையாளரிடம் பதிவையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். "அது என் தனிப்பட்ட கருத்து, வேலை வேற" என்றார். வேலை வேறாக இருந்திருந்தால் நான் அவரோடு வாதாடியிருப்பேன், அந்தக் கருத்தை முழு மனதோடு வெறுத்திருப்பேன், ஆனால் வேலையை விட்டு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பேனா என்று தெரியாது. இரண்டும் ஒன்றாக இருந்தது. அந்தக் கையெழுத்துக்காக எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

சொந்தக் கருத்துக்கும் வேலைக்கும் நடுவில் கோடு எங்கே என்பதில் நீதிமன்றங்களே ஒரே மாதிரி சொல்வதில்லை. இங்கிலாந்தில் ஒரு வீட்டுவசதி அறக்கட்டளையின் மேலாளர், தேவாலயங்களில் ஒருபால் திருமணம் நடப்பதை ஏற்காமல் தன் ஃபேஸ்புக்கில் சாதாரணமாக இரண்டு வரி எழுதினார், அதுவும் விடுமுறை நாளில். பதவி இறக்கம், சம்பளத்தில் 40 சதவீத வெட்டு. 2012-ல் உயர் நீதிமன்றம் அது ஒப்பந்த மீறல் என்றது. ஆனால் சட்ட நுணுக்கத்தால் அவருக்குக் கிடைத்த இழப்பீடு 100 பவுண்டுகூட இல்லை. இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியாவில் குடிவரவுத் துறையின் பணியாளர் ஒருவர் பெயரை மறைத்து 9,000-க்கும் மேற்பட்ட ட்வீட்களில் துறையையும் அரசையும் விமர்சித்ததற்காக நீக்கப்பட்டார், 2019-ல் அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் நீக்கியது செல்லும் என்றது. முதல் ஆளின் கருத்து எனக்கு ஒப்பாதது. இரண்டாவது ஆளின் விமர்சனத்தில் எனக்கு அனுதாபம் உண்டு. இருந்தும் முதல் தீர்ப்பு சரி என்றும் இரண்டாவது கடுமை என்றும் நினைக்கிறேன். யாருக்கு ஒப்பும், யாருக்கு ஒப்பாது என்பதை வைத்து சோற்றில் கை வைக்க ஆரம்பித்தால், நாளைக்கு என் நாற்காலியில் உட்காரும் வேறொருவர் என் கருத்துள்ளவர்களைத் தேடுவார்.

இந்தச் சேவையில் "நெருக்கடி உதவி" என்று ஒரு பிரிவும் உண்டு. யாராவது உங்கள் ஊழியரின் பதிவைப் பிடித்து உங்கள் நிறுவனத்தை டேக் செய்து "இவரை வேலையை விட்டுத் தூக்குங்கள்" என்று கிளம்பினால், அவர்கள் மணிக்கு ஒருமுறை கோபத்தின் வரைபடம் அனுப்புவார்கள். எங்களுக்கு அது ஒருமுறை நடந்தது. ஒரு நர்ஸ் ஒரு போரைப் பற்றி எழுதிய நாலு வரி. ஒரே நாளில் 200-க்கு மேல் மின்னஞ்சல். நான் அவற்றைப் படித்தேன், பாதிக்கு மேல் எழுத்துப் பிசகாமல் ஒரே வாசகம். எங்கள் வாடிக்கையாளர் யாரும் அதில் இல்லை. சேவை அனுப்பிய ஆலோசனைக் குறிப்பு, "2 மணி நேரத்துக்குள் ஊழியரிடமிருந்து விலகி நிற்கும் அறிக்கையை வெளியிடவும்" என்றது. மாதிரி அறிக்கையையும் இணைத்திருந்தார்கள், பெயருக்கு மட்டும் கோடு போட்ட இடம்.

வெளியிடவில்லை. 2013 டிசம்பரில் லண்டனிலிருந்து கேப் டவுனுக்கு விமானம் ஏறும் முன் ஒரு பெண் போட்ட ஒரு ட்வீட், சுமார் 11 மணி நேரம் கழித்து அவர் இறங்குவதற்குள் உலகம் முழுக்கச் சுற்றியதும், அவருக்கு வேலை போனதும் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 170 பேர்தான். அந்த 11 மணி நேரம் அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவே முடியாத நேரம். எங்கள் நர்ஸ் பக்கத்து அறையில் இருந்தார். கூப்பிட்டால் வந்துவிடுவார். கூப்பிட்டேன், பேசினோம், அவர் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை, நானும் மாற்றச் சொல்லவில்லை. அவருடைய சமூக ஊடகப் பக்கத்திலிருந்து நிறுவனத்தின் பெயரை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் மின்னஞ்சல் நின்றது.

ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2023 டிசம்பரில் இதே மாதிரி நேரத்தில் அவசரப்பட்டது. காசா பற்றி ஒரு மனித உரிமை அமைப்பின் பதிவைப் பகிர்ந்த தற்காலிகத் தொகுப்பாளரை, புகார்கள் குவிந்ததும் 5 நாள் ஒப்பந்தத்தின் நடுவிலேயே நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டது. 2025 ஜூனில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லி, 70,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு விதித்தது.

இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். யாருடைய பக்கத்தையும் நாங்களாகப் போய்த் தோண்டுவதில்லை. நோயாளியின் படத்தையோ வீட்டையோ பெயரையோ எங்கேயும் போடக்கூடாது என்பது மட்டும் வேலையில் சேரும் அன்றே நேரில் உட்கார வைத்துச் சொல்லப்படுகிறது, அதில் விட்டுக்கொடுப்பதில்லை. புகார் வந்தால் பார்ப்போம். பார்த்தால் முதல் வேலை அந்தப் பக்கத்தை அச்செடுத்து அந்த ஆளிடமே கொடுப்பது. கணக்கு உன்னுடையதா, எப்போது எழுதியது, யாரைப் பற்றி, அந்த ஆட்கள் மேல் உனக்கு வேலையில் ஏதாவது அதிகாரம் இருக்கிறதா. கூட வேலை செய்கிறவரை மிரட்டியிருந்தாலோ, பராமரிக்க வேண்டியவரையே இழிவுபடுத்தியிருந்தாலோ, எழுதியதை வேலையில் செய்தும் காட்டியிருந்தாலோ, கடிதம் தயாராகும். இல்லையென்றால் பேச்சோடு முடியும். மூன்று நாளுக்குள் எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கியிருக்கிறேன். இது மெதுவான வழி. என் நேரத்தை நிறையத் தின்கிறது. சேவைக்குக் கொடுத்த பணத்தில் உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டோம்.

புதுப்பிக்கவில்லை என்று சொன்னதும் விற்பனைப் பிரதிநிதி வந்து பேசினார். நல்ல பையன், அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த பதிப்பில் பேச்சுத் தமிழ் நன்றாகப் புரியும் என்றான். புரியட்டும். ஷிப்ட் பட்டியல் அதற்குத் தெரியாதே தம்பி என்றேன். அப்புறம் 340 பேரின் தகவல்களையும் அழிக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். ஒப்பந்தப்படி அழிக்க 90 நாள் எடுத்துக்கொள்வோம் என்று பதில் வந்திருக்கிறது.

நேற்று காலை டிரைவர் வண்டிச் சாவியை வாங்க வந்தபோது நின்று கேட்டார்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல என் பேருக்குக் கீழ அந்தப் பையனோட கை இன்னும் இருக்கா மேடம்?"

"இருக்கு அண்ணா. இன்னும் 61 நாள் இருக்கு. தேதியைக் குறிச்சு வெச்சிருக்கேன், அழிச்சதும் அந்தக் கடிதத்தை உங்க கையில கொடுக்கறேன்."

"மறந்துடாதீங்க" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு போனார்.